மேட்டுப்பாத்தியில் மண் நிரப்புதல்: லோடு சொல்வதற்கு முன்பிருந்து முதல் விதைப்பு வரை

மேட்டுப்பாத்தி கட்டுவது அரை நாள் வேலை. ஹாலோபிளாக் கல்லை இரண்டு வரிசை அடுக்கினால் முடிந்தது. அதற்குள் எதைப் போடுவது என்பதில்தான் புதிதாக வருகிறவர்கள் திணறிப்போகிறார்கள். வீடியோவில் ஒருவர் அடியில் மரக்கட்டையைப் போடு என்கிறார், இன்னொருவர் மண்ணே வேண்டாம், முழுக்க மண்புழு உரம் என்கிறார். நர்சரிக்காரர் தயார்க் கலவையை மூட்டை மூட்டையாக எடுத்து வைக்கிறார்.

நம் ஊர் வெயிலில் எது நிலைக்கும் என்று பார்த்தால் கணக்கு சுலபம். பாத்தியில் பெரும்பங்கு மண்ணாக இருக்க வேண்டும். உரம் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. குளிர் நாடுகளில் மட்கு பல வருடம் கிடக்கும். இங்கே சூட்டிலும் ஈரத்திலும் நுண்ணுயிர்கள் அதை வேகமாகத் தின்று தீர்த்துவிடும். முழுக்க உரத்தால் நிரப்பிய பாத்தி ஒரு வருடத்துக்குள் பாதிக்கு இறங்கி, காய்ந்தால் தண்ணீரே உள்ளே போகாத தூளாகிவிடும். மண் அப்படிக் கரைந்து போகாது. அதனால் நேரமும் பணமும் முதலில் நல்ல மண்ணுக்கு.

இங்கே சொல்வதெல்லாம் தரையில் கட்டும், அடிப்பக்கம் திறந்த பாத்திக்கு. மொட்டை மாடியில் செய்ய நினைப்பவர்கள் முதலில் எடையைப் பாருங்கள். ஆள் புழங்கும் மாடிக்கு இந்தியத் தர விதி ஐஎஸ் 875 எடுத்துக்கொள்ளும் பளு சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், அதாவது ஏறக்குறைய 150 கிலோ. நனைந்த மண் ஓர் அடி உயரத்துக்கு நின்றாலே சதுர மீட்டருக்கு 500 கிலோ வந்துவிடும். பொறியாளர் பார்த்துச் சொல்லாமல் மாடியில் மண் பாத்தி வேண்டாம். அங்கே பையும் தேங்காய் நார்க்கழிவுக் கலவையும்தான் சரி.

எவ்வளவு வேண்டும்?

உள் அளவு 8 அடி நீளம், 3 அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். 8 அங்குலக் கல் இரண்டு வரிசை என்றால் உயரம் 16 அங்குலம். பெருக்கினால் 32 கன அடி. லிட்டரில் சொன்னால் 900 சொச்சம். நிரப்பிய கலவை தண்ணீர் பட்டதும் இறங்கும், கலக்கும்போதே அளவு கொஞ்சம் குறையும். அதற்காக 40 கன அடியாகவே கணக்குப் போடுங்கள்.

இதில் 24 கன அடி மண், 12 கன அடி உரம், 4 கன அடி நார்க்கழிவோ நெல் உமியோ. காலி சிமென்ட் மூட்டையில் சுமார் ஒன்றேகால் கன அடி பிடிக்கும். அப்படியானால் மண் 19 மூட்டை, உரம் 10 மூட்டை, நார்க்கழிவு அல்லது உமி 3 மூட்டை. நார்க்கழிவு 5 கிலோ கட்டியாக வரும். ஊறவைத்தால் ஒரு கட்டி 70 லிட்டர் வரை உப்பும். ஒரு கட்டியும் ஒரு மூட்டை உமியும் போதும்.

மண் விற்பவர்கள் யூனிட் கணக்கில் பேசுவார்கள். ஒரு யூனிட் 100 கன அடி. ஒரு பாத்திக்குக் கால் யூனிட்கூட ஆகாது. டிராக்டர் லோடு சொன்னால் பாதிக்கு மேல் வாசலில் மிஞ்சிக் கிடக்கும். பக்கத்து வீட்டோடு பங்கு போட்டுக்கொள்ளலாம், இல்லையென்றால் மூட்டையாகக் கட்டிக் குட்டியானையில் வரச் சொல்லலாம்.

அதற்கு முன் உங்கள் இடத்தையே ஒரு முறை பாருங்கள். பாத்திகளுக்கு நடுவே நடக்கும் வழியில் மேல் அரை அடி மண் சும்மா மிதிபட்டுக் கிடக்கப்போகிறது. அதை வழித்துப் பாத்திக்குள் போட்டால் கால்வாசி மண் செலவில்லாமல் கிடைத்துவிடும். வழி கொஞ்சம் பள்ளமாவதால் பாத்தியும் உயரமாகத் தெரியும். ஒரே நிபந்தனை, அது வீடு கட்டியபோது சிமென்ட் கலந்த இடமாக இருக்கக் கூடாது.

மண்: லோடு தட்டுவதற்கு முன்

போனில் செம்மண் என்று சொல்லியிருப்பீர்கள். வாசலில் வந்து நிற்பது சிவப்பாகத்தான் இருக்கும். ஆனால் பாதி நேரம் அது அஸ்திவாரக் குழி மூடவும் ரோடு போடவும் பயன்படுத்தும் கிராவல். நனைந்து காய்ந்தால் தரை மாதிரி இறுகுவதற்காகவே அதைத் தேடி வாங்குகிறார்கள். செடிக்கு அது வேண்டவே வேண்டாம். டிரைவர் ஹைட்ராலிக்கைத் தூக்குவதற்கு முன் இரண்டு நிமிடம் கேளுங்கள். கொட்டிய மண்ணை யாரும் திருப்பி அள்ளிக்கொண்டு போக மாட்டார்கள்.

மேலே தெரியும் மண்ணை நம்பாமல் பக்கவாட்டில் கையை விட்டு நடுவிலிருந்து ஒரு கைப்பிடி எடுங்கள். கல் எவ்வளவு என்று பாருங்கள். ஒரு கைப்பிடியில் மூன்று நான்கு கூழாங்கல் என்றால் பரவாயில்லை, சலித்துக்கொள்ளலாம். பாதி கல்லாக இருந்தால் அது கிராவல்தான். டைல்ஸ் துண்டு, பூச்சு உதிர்ந்த காரை, பாலித்தீன் கந்தல் தெரிந்தால் எங்கோ வீடு இடித்த இடத்து மண். கறுப்பாக, கொண்டைக்கடலை அளவில், நூல் போன்ற வேரோடு ஏதாவது உருண்டால் அது கோரைக்கிழங்கு. அந்த லோடை அப்படியே அனுப்பிவிடுங்கள். கோரை ஒரு தடவை பாத்திக்குள் வந்துவிட்டால், பிறகு வருடக்கணக்கில் நீங்கள் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அடுத்து ஒரு பிடி மண்ணை நனைத்து உள்ளங்கையில் பென்சில் கனத்துக்கு உருட்டிப் பாருங்கள். உருளவே மறுத்து உதிர்ந்தால் மணல் அதிகம். உருண்டு, மோதிரமாக வளைத்தாலும் விரிசல் விடாவிட்டால் களி அதிகம். உருண்டு, வளைக்கும்போது விரிசல் விட்டால் நமக்குத் தேவையான மண் அதுதான். வெள்ளை வெள்ளையாகக் கட்டி தெரிந்தால் அதன் மேல் எலுமிச்சம்பழத்தைப் பிழியுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுக்கான் கல், சுண்ணாம்புச் சத்து. அது அதிகமுள்ள மண்ணில் இரும்புச் சத்து செடிக்கு எட்டாது. கொழுந்து இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும்.

ஊருக்கு ஊர் மண் வேறு என்பதால் எல்லாருக்கும் ஒரே கலவை சரிப்படாது. கோயம்புத்தூர், தூத்துக்குடிப் பக்கத்துக் கரிசலுக்கு உரத்தையும் உமியையும் கொஞ்சம் கூட்டுங்கள். இரண்டு சட்டி மணல் கலந்தால் கரிசல் இளகிவிடும் என்பது நடக்காத கதை. ஏறக்குறைய பாதிக்குப் பாதி போட்டால்தான் மணலால் வித்தியாசம் தெரியும். கடற்கரையோர மணலுக்கு ஏரி வண்டல் கலந்தால் தண்ணீர் பிடிக்கும். செம்மண் வைத்திருப்பவர்களுக்குத்தான் வேலை குறைவு.

ஒரு லோடுக்கு மேல் வாங்குவதாக இருந்தால் அரைக் கிலோ மாதிரியை வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்த்துவிடலாம். வரும் அறிக்கையில் இரண்டு எண்களை மட்டும் முதலில் பாருங்கள். கார அமிலத் தன்மை 6.5-லிருந்து 7.5-க்குள் இருந்தால் நல்லது. உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறன் 1-க்குக் கீழே இருக்க வேண்டும். தழை, மணி, சாம்பல் சத்தெல்லாம் பிறகு சரிசெய்யக்கூடியவை. உப்பு மண்ணை வாங்கிவிட்டால் திருத்துவது பெரும்பாடு.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. மண் நிரப்பும்போது சுண்ணாம்பு தூவு, சாம்பல் போடு என்று வெளிநாட்டுக் குறிப்புகள் சொல்லும். அது அவர்களின் அமில மண்ணுக்கு. நீலகிரியில் இருப்பவர்களுக்கு அது பொருந்தும். சமவெளியில் நம் மண் பெரும்பாலும் காரப் பக்கம் சாய்ந்ததுதான், போர் தண்ணீரும் அப்படியே. மேலும் சுண்ணாம்பு போட்டால் கெடுதல்தான்.

உரம்: வாங்குவதும் சோதிப்பதும்

பத்து மூட்டையையும் ஒரே இடத்தில் ஒரே வகையாக வாங்காதீர்கள். ஆறு மூட்டை மாட்டுத் தொழு உரம், இரண்டு மூட்டை இலைமட்கு, இரண்டு மூட்டை மண்புழு உரம் என்று பிரித்துக்கொண்டால் ஒன்றின் குறையை இன்னொன்று ஈடுகட்டும். மண்புழு உரம் விலை கூடியது. அதைக் கலவையில் வீணாக்காமல் மேல் அடுக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். பல ஊர்களில் மாநகராட்சி, நகராட்சியின் நுண் உரமாக்கல் மையங்களில் காய்கறிக் கழிவு உரம் கிடைக்கிறது. நன்றாகவே இருக்கும், கண்ணாடிச் சில்லு, பிளாஸ்டிக் இருக்கக்கூடும் என்பதால் சலிக்காமல் போடக் கூடாது.

தொழு உரம் மக்கியதா என்று மூக்கும் கையுமே சொல்லிவிடும். சாணி வாடை போயிருக்க வேண்டும், மழை பெய்த மண் வாசனை வர வேண்டும். குவியலின் நடுவே கையை விட்டால் சூடு தெரியக் கூடாது. வைக்கோல் வைக்கோலாகவே தெரிந்தால் இன்னும் ஆகவில்லை. பச்சைச் சாணியும் பாதி மக்கியதும் பாத்திக்குள் போய்ச் சூடேறும், அமோனியா கிளம்பும், நாற்றின் வேர் கருகும். கோழி எரு இன்னும் காட்டம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் வருடம் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

மூட்டையைப் பிரித்ததும் தார்ப்பாயில் பரப்பி வெயிலில் அரை நாள் விடுங்கள். தடித்த வெள்ளைப் புழுக்கள், தலை பழுப்பாக, உடல் ஆங்கில ‘சி’ எழுத்தாக வளைந்து கிடப்பவை, வெளியே வரும். கட்டைவிரல் பருமனில் இருந்தால் பெரும்பாலும் காண்டாமிருக வண்டின் புழு. அது மட்கைத்தான் தின்னும். ஆனால் வண்டாக மாறியதும் உங்கள் தென்னையின் குருத்தைக் குடையும். சிறியதாக இருந்தால் வேர்ப்புழுவாக இருக்கலாம். அது செடியின் வேரையே அறுத்துவிடும். எந்த வகை என்று ஆராய்ச்சி செய்ய வேண்டாம், எல்லாவற்றையும் பொறுக்கிவிடுங்கள். வீட்டில் கோழி இருந்தால் அந்த வேலையும் மிச்சம்.

சந்தேகம் தீரவில்லையென்றால் விதை போட்டுப் பாருங்கள். ஒரு பழைய டப்பாவில் வெறும் மண், இன்னொன்றில் அதே மண்ணும் உரமும் சரிபாதி. இரண்டிலும் பத்துப் பத்து தட்டைப்பயறு ஊன்றுங்கள். ஒரு வாரத்தில் உரம் கலந்த டப்பாவில் முளைப்பு குறைந்தோ இலை சுருண்டோ இருந்தால் அந்த உரம் இன்னும் ஒரு மாதம் நிழலில் கிடக்கட்டும். வாரா வாரம் புரட்டிவிட்டு ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நார்க்கழிவு வாங்கும்போது கழுவியதா என்று கேட்டு வாங்குங்கள். உவர்த்தண்ணீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்ததில் உப்பு இருக்கும். கழுவாததுதான் கிடைத்தது என்றால் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்துவிடலாம். பச்சை நார்க்கழிவில் கரிமம் மிக அதிகம், தழைச்சத்துக்கு 100 மடங்குக்கு மேல். அளவு கூடினால் மண்ணில் உள்ள தழைச்சத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் பத்தில் ஒரு பங்கோடு நிறுத்தச் சொன்னேன்.

அடியில் என்ன போடுவது?

ஜல்லி வேண்டாம். தண்ணீர் வடியும் என்று நினைத்துத்தான் போடுகிறார்கள், நடப்பது நேர்மாறு. நைசான மண்ணிலிருந்து பெரிய இடைவெளியுள்ள ஜல்லிக்குத் தண்ணீர் உடனே இறங்காது. மேலே உள்ள மண் முழுக்க ஊறி நிறைந்த பிறகுதான் சொட்டும். அதுவரை வேர் சேற்றில் நிற்கும். பிளாஸ்டிக் விரிப்பும் வேண்டாம்; அடி திறந்திருந்தால்தான் வேரும் மண்புழுவும் கீழே போய் வரும்.

மரக்கட்டை அடுக்கும் முறை குளிர் நாட்டுக்காரர்களுடையது. இங்கே கட்டையைப் புதைத்தால் கரையானுக்கு அழைப்பு வைத்த மாதிரி. பாத்தி வீட்டுச் சுவரை ஒட்டியிருந்தால் கரையான் நிலைக்கதவு வரை வரும். கலவையைக் கொஞ்சம் மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால், மழையில் கிடந்து வெளுத்த தேங்காய் மட்டையை ஒரு வரிசை அடுக்கலாம். குழிந்த பக்கம் மேலே பார்க்க வேண்டும், தண்ணீரைப் பிடித்து வைக்கும். தென்னந்தோப்புகளில் மட்டை புதைப்பது பழைய வழக்கம்தான். பச்சை மட்டை மட்டும் கூடாது.

தரையில் புல் இருந்தால் டேப்பும் ஸ்டேப்ளர் பின்னும் நீக்கிய அட்டைப்பெட்டியை நனைத்து விரிக்கலாம். சாதாரணப் புல் அதிலேயே செத்துவிடும். கோரையும் அருகும் அட்டையைத் துளைத்துக்கொண்டு வரும். அவற்றைத் தோண்டி எடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

நிரப்பும் நாள்

முதல் நாள் மாலையே பாத்திக்குள் உள்ள தரையைக் கடப்பாரையால் ஒரு சாண் ஆழம் பெயர்த்துவிட்டுத் தண்ணீர் விடுங்கள். இறுகிய தரை மேல் நல்ல மண்ணைக் கொட்டினால் இரண்டும் ஒட்டாது. மழையில் நடுவே தண்ணீர் தேங்கும்.

கலவையைப் பாத்திக்குள் அடுக்கடுக்காகப் போட்டு உள்ளேயே கிளறலாம் என்று தோன்றும். சரியாகக் கலக்காது. வெளியே தார்ப்பாயில் கலப்பதுதான் வசதி. ஆறு சட்டி மண், மூன்று சட்டி உரம், ஒரு சட்டி நார்க்கழிவு அல்லது உமி; இப்படி ஒரு தடவைக்குப் பத்துச் சட்டியாகக் கொட்டி, மண்வெட்டியால் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் இரண்டு முறை புரட்டுங்கள். பாத்தி முழுவதற்குமாக அரைக் கிலோ வேப்பம் புண்ணாக்குத் தூளைப் பிரித்துத் தூவிக்கொள்ளுங்கள். கத்தரி, தக்காளி, வெண்டை வைப்பவர்கள் இதை விடக் கூடாது, வேரில் முடிச்சு போடும் நூற்புழுவை அது கட்டுப்படுத்தும். வேரழுகல் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி தூள் கிடைத்தால் ஒரு கைப்பிடி உரத்தில் இரண்டு ஸ்பூன் கலந்து சேர்க்கலாம்.

ஈரப்பதம் முக்கியம். கலவையைக் கொழுக்கட்டை பிடிப்பதுபோல் பிடித்துப் பாருங்கள்: உருண்டை நிற்க வேண்டும், கட்டைவிரலால் தட்டினால் உதிர வேண்டும். விரலிடுக்கில் தண்ணீர் வழிந்தால் அன்றைக்கு நிரப்பாதீர்கள்; ஈர மண்ணைக் கிளறினால் காய்ந்ததும் கட்டி கட்டியாகிவிடும். பொலபொலவென்று காய்ந்திருந்தால் பூவாளியால் தெளித்து ஒரு மணி நேரம் விட்டுக் கலக்குங்கள்.

அப்புறம் நிரப்புவது. அரை அடி போட்டதும் பூவாளியால் மெதுவாக நனையுங்கள். நீர் இறங்கியதும் அடுத்த அரை அடி. ஏறி மிதித்து அமுக்காதீர்கள், மண்வெட்டியின் பின்பக்கத்தால் தட்டவும் வேண்டாம். தண்ணீரே தேவையான அளவுக்கு அமர்த்திவிடும். மூலைகளில் மட்டும் கையால் லேசாகத் திணியுங்கள், அங்கேதான் பொந்து விழும். ஹாலோபிளாக்கின் துளைகளையும் இதே கலவையால் நிரப்பினால் ஓரத்தில் துளசியும் புதினாவும் வைக்கலாம். விளிம்புக்கு ஓர் அங்குலம் கீழே வரும்போது மண்புழு உரத்தைப் பரப்பி, மேல் இரண்டு மூன்று அங்குலத்தில் மட்டும் கிளறிவிடுங்கள்.

கடைசியாக மூடாக்கு. காய்ந்த இலை, வைக்கோல், கரும்புச் சோகை எது கிடைத்தாலும் இரண்டு அங்குலம். இது இல்லாமல் விட்ட பாத்தியில் சித்திரை வெயில் மேல்மண்ணை வறுத்துவிடும், ஐப்பசி மழை அடித்து ஓடாக்கிவிடும்.

விதைப்புக்கு முன்

நிரப்பிய அன்றே நாற்று வைக்காதீர்கள். இரண்டு மூன்று வாரம் விட்டு, வாரத்துக்கு இரண்டு தடவை நனைத்து வாருங்கள். இரண்டு அங்குலம் வரை இறங்கும், கலங்க வேண்டாம். மிச்சம் வைத்த கலவையால் மட்டப்படுத்துங்கள். இந்த இடைவெளியில் உரத்தோடு வந்த களை விதையெல்லாம் முளைத்து முகம் காட்டும். பிஞ்சிலேயே கிள்ளி எறிந்துவிடலாம். ஆடிப்பட்டத்துக்கு விதைக்க நினைப்பவர்கள் வைகாசிக் கடைசிக்குள் நிரப்பிவிட்டால் நேரம் சரியாக இருக்கும்.

முதல் பயிராகத் தக்காளி, கத்தரி என்று ஆசைப்படாமல் தண்டுக்கீரையோ தட்டைப்பயறோ போடுவது என் பழக்கம். கீரை ஒரு மாதத்தில் மண்ணின் நிலையைக் காட்டிவிடும். எல்லா இடத்திலும் ஒரே சீராக வளர்ந்தால் கலவை சரி. அடி இலை மஞ்சளாகி வளர்ச்சி நின்றால், மக்காத பொருள் எங்கோ தழைச்சத்தை இழுத்துக்கொண்டிருக்கிறது. கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துத் தெளிந்த நீரைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து வேரில் ஊற்றுங்கள், அல்லது பஞ்சகவ்யத்தை லிட்டருக்கு 30 மில்லி கலந்து தெளியுங்கள். இரண்டு வாரத்தில் பச்சை திரும்பும்.

பயிர் முடிந்ததும் செடியை வேரோடு பிடுங்காமல் தரை மட்டத்தில் அறுத்துவிடுங்கள். வேர் உள்ளேயே மக்கட்டும். நூற்புழு முடிச்சு கண்ட செடிக்கு மட்டும் விதிவிலக்கு, அதைத் தோண்டி எடுத்து எரித்துவிட வேண்டும். ஒவ்வொரு பட்டத்துக்கும் முன் ஓர் அங்குலம் தொழு உரம் பரப்பினால் போதும். 24 சதுர அடிக்கு அது 2 கன அடி, இரண்டு சிமென்ட் மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. மறுபடி முழுப் பாத்தியையும் கிளற வேண்டாம்; மேலே போட்டு மூடாக்கை இழுத்துவிட்டால் மண்புழு பார்த்துக்கொள்ளும்.